பதினோரு பாட்டும் ஒரு ஓ.கே. பட்டனும்!

கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல திடீர்னு ஒரு குட்டிப் பெட்டி எட்டிப் பார்த்து, நாலு வரி இங்கிலீஷ்ல என்னமோ சொல்லி, கீழே 'ஓ.கே.', 'கேன்சல்'னு ரெண்டு பட்டனை நீட்டுனா என்ன பண்ணுவீங்க பாஸ்? படிச்சுப் பார்த்துட்டு அமுக்குவீங்களா? சும்மா கதை விடாதீங்க! கை தானா ஓ.கே.வுக்குத்தான் போகும். எனக்கும் போச்சு. கூடவே பதினோரு பாட்டும் போச்சு.

எங்க அப்பத்தாவுக்கு ஊர் சோழவந்தான் பக்கம். வெத்தலைக் கொடிக்கால் வேலைக்குப் போகும். பெரியாறு வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா நடவுக்குப் போகும். குனிஞ்ச முதுகு நிமிராம நாள் முழுக்கப் பாடுமாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கண் ஆபரேஷனுக்காக மதுரையில எங்க வீட்டுக்கு வந்து தங்குச்சு. கண்ணுல கட்டு. டி.வி. பார்க்கக் கூடாது, குனியக் கூடாது. பாவம், அப்பத்தாவுக்குப் பொழுதே போகலை. "பாடேன் அப்பத்தா"ன்னு செல்போனை நீட்டினா, வெக்கத்துல வாயைத் திறக்காது. ஒரு ஞாயித்துக்கிழமை அதுக்குப் பின்னாடி சத்தம் காட்டாம உக்காந்து, வீட்டுல இருந்த பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்ல, நோட்பேடைத் திறந்து, பாடப் பாட அடிச்சேன். சாயங்காலத்துக்குள்ள பதினோரு பாட்டு! சேவ் பண்ணேன். அப்பதான் அந்தக் குட்டிப் பெட்டி வந்துச்சு. ஓ.கே. மூடிட்டேன். அப்புறம் அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை.

போன தை மாசம் அப்பத்தா செத்துப்போச்சு.

மாசி மாசம் எங்க காலேஜ் ஆண்டு மலருக்கு அந்தப் பாட்டுகளைப் போடலாம்னு ரெண்டு ஃபைலை சீனியர் அக்காவுக்கு மெயில் பண்ணேன். ஒண்ணு, என் லேப்டாப்ல அடிச்ச முன்னுரை. இன்னொண்ணு, பாட்டு. அக்கா வச்சிருக்கிறது மேக். பக்கம் வடிவமைக்கிற சாஃப்ட்வேர்ல முன்னுரையை இழுத்துப் போட்டாங்க... நொந்து நூடுல்ஸ் ஆயிட்டேன்! சிலுவைக்கு ரெண்டு கை வச்ச மாதிரி ஒரு குறி, ஏ-யும் ஈ-யும் ஒட்டிப் பிறந்த ஒரு எழுத்து, மறுபடி சிலுவை, மறுபடி அந்த ஒட்டுப் பிறவி... பக்கம் முழுக்க இதேதான். பாட்டு ஃபைலைத் திறந்தா அழகா, வரிசையா, கேள்விக்குறிகள். வரி வரியா, சொல்லுக்குச் சொல் இடம் விட்டு, நீட்டா இருந்துச்சு. "இது பரவாயில்லக்கா, எழுத்து மட்டும்தான் தெரியலை. அதுதான் மோசம்"னு முன்னுரையைக் காட்டினேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "நீ தலைகீழா சொல்றே"ன்னாங்க.

அவங்க சொன்னதை உங்களுக்கும் சொல்றேன், கேட்டுக்கங்க. கம்ப்யூட்டருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. நம்பர் மட்டும்தான். இப்ப நாம பயன்படுத்துற யூ.டி.எஃப்-8 முறையில 'அ'ன்னா 224, 174, 133-னு மூணு நம்பர். தமிழ்ல எந்த எழுத்தா இருந்தாலும் முதல் நம்பர் 224-தான். பழைய மேக் அட்டவணையில 224-க்கு அந்த ரெட்டைக் கைச் சிலுவை. 174-க்கு ஒட்டிப் பிறந்த எழுத்து. பழைய விண்டோஸ் அட்டவணையில அதே 224-க்கு, தலைக்கு மேல சாய்கோடு போட்ட இங்கிலீஷ் 'ஏ'. 174-க்கு வட்டத்துக்குள்ள 'ஆர்'. 127 வரைக்கும் ரெண்டு பேருக்கும் சண்டையே இல்லை. அதுக்கு மேலதான் ஆளுக்கு ஒரு அட்டவணை! அக்கா ஃபைலைத் திறக்கும்போது 'யூ.டி.எஃப்-8'னு தேர்ந்தெடுத்தாங்க. அவ்ளோதான், முன்னுரை பளிச்னு தமிழ்ல வந்துருச்சு. நம்பர் அப்படியே இருந்துச்சு, படிச்ச விதம்தான் தப்பு.

பாட்டு அப்படி இல்லை. அந்தப் பழைய நோட்பேட் சேவ் பண்ணும்போது தானா எடுத்துக்கிறது 'ஆன்சி'ங்கிற பழைய அட்டவணை. அதுல தமிழுக்கு எடமே கிடையாது. எடமில்லாத ஒவ்வொரு எழுத்தையும் 63-ஆ மாத்திடும். 63-னா நமக்கு நாயன்மார். கம்ப்யூட்டருக்குக் கேள்விக்குறி. 'யூனிகோட் எழுத்துகள் அழிஞ்சுடும், கேன்சல் பண்ணிட்டு வேற முறையைத் தேர்ந்தெடு'ன்னு அந்தக் குட்டிப் பெட்டி தெளிவா சொல்லியிருக்கு. நான்தான் படிக்கலை. இஞ்சினீயரிங் மூணாவது வருஷம் வேற! (2019-ல விண்டோஸ் 10-க்கு வந்த அப்டேட்ல இருந்து நோட்பேட் தானாவே யூ.டி.எஃப்-8-ல சேவ் பண்ணுது. ஆனா உங்க லேப்ல இருக்கிறது எந்த வெர்ஷன்னு முதல்ல பாருங்க மக்களே.)

கூத்து அதோட முடியலை. அக்கா முன்னுரையைத் திருத்தி அனுப்புனதை வீட்டுக் கம்ப்யூட்டர்ல திறந்தா, பாரா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே நீட்டு வரி! இதுக்கு விளக்கம் சொன்னது யாருன்னு நினைக்கிறீங்க? எங்க அம்மா. அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி டைப்ரைட்டிங் லோயர் முடிச்சவங்க. "வரி முடிஞ்சா கைப்பிடியைத் தள்ளுவோம். உருளை ஆரம்ப எடத்துக்கு வரும். பேப்பர் ஒரு வரி மேல ஏறும். ரெண்டு வேலைடி அது"ன்னாங்க. அதேதான்! விண்டோஸ் அந்த ரெண்டு வேலைக்கும் ரெண்டு நம்பர் போடும்: 13, 10. அந்தக் கால மேக் 13 மட்டும் போட்டுச்சு. 2001-ல வந்த மேக் ஓ.எஸ். எக்ஸ்-ல இருந்து 10 மட்டும். பழைய நோட்பேடுக்கு ரெண்டும் ஜோடியா வந்தாதான் வரி மடங்கும். 2018-லதான் அதுக்கே புத்தி வந்துச்சு.

இதுல நம்ம ஊர்ப் பேருக்கு ஒரு பங்கு இருக்கு தெரியுமா? 1998 பொங்கல் அன்னிக்கு, சுவிட்சர்லாந்தின் லொசான்ல இருந்த கல்யாணசுந்தரம், பழைய தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்கு ஒரு தன்னார்வத் திட்டம் ஆரம்பிச்சார். பேரு 'மதுரைத் திட்டம்'. தமிழ்ச் சங்கம் இருந்த ஊராச்சே! முதல் நூல் திருக்குறள். அப்ப ஆளுக்கு ஒரு ஃபான்ட், ஃபான்ட்டுக்கு ஒரு அட்டவணை. அந்த 127 வரைக்கும் இங்கிலீஷை விட்டுட்டு, அதுக்கு மேல தமிழை உக்காரவச்ச 'டிஸ்கி'ங்கிற பொது அட்டவணையில நூல்களைத் தந்தாங்க. ஒவ்வொரு நூலுக்கும் முன்னாடி, இதைப் படிக்க என்ன ஃபான்ட் வேணும், மேக், விண்டோஸ், யுனிக்ஸ் மூணுக்கும் அது கிடைக்கும்னு ஒரு தலைப்புரை. அப்புறம் யூனிகோடுக்கும் மாத்தினாங்க. தமிழக அரசு யூனிகோடைத் தரமா அறிவிச்சதே 2010-ல, கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்துலதான். ஃபைலோட தலையில 'நான் இன்ன அட்டவணை'ன்னு ஒரு வரி எழுதி வச்சவங்க அவங்க. நான்? ஃபைலுக்குப் பேரே 'புதுசு 2'.

சரி, பாட்டு?

அழிஞ்சது எழுத்துதான். சொல் இடைவெளியும் வரியும் அப்படியே இருக்கு. எத்தனை குறிங்கிறதும் இருக்கு. 'ஏலேலோ' நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஏ, ல, கொம்பு, ல, ஓகாரக் குறின்னு அஞ்சு. அஞ்சு கேள்விக்குறி வரி முடிவுல திரும்பத் திரும்ப வந்தா ஏலேலோன்னு புரிஞ்சுக்கலாம். ஆனா 'அம்மா'வுக்கும் அஞ்சுதான். வெறும் குறியை வச்சுப் பாட்டைத் திருப்ப முடியாது. பாட்டு தெரிஞ்ச ஆள் வேணும்.

வாடிப்பட்டியில அப்பத்தாவோட தங்கச்சி இருக்கு. ஆரப்பாளையத்துல பஸ் ஏறி, லேப்டாப்போட போய் நின்னேன். "எங்கக்கா பாட்டையா தொலைச்சே, கழுதை?"ன்னு திட்டிட்டு, சின்ன அப்பத்தா பாட ஆரம்பிச்சுச்சு. அது பாட, நான் அடிக்க, பக்கத்துல கேள்விக்குறி ஃபைலைத் திறந்து எண்ணிக்கையைச் சரி பார்க்க... ஒரு வரி அச்சு அசலா பொருந்தினப்போ உடம்பு சிலிர்த்துருச்சுங்க. பொருந்தாத எடத்துல "அப்பத்தா, இங்க ரெண்டு எழுத்து கூட வருதே"ன்னா, யோசிச்சு, "ஆமா, எங்கக்கா அங்க இழுக்கும்"னு திருத்திப் பாடும்.

இதுவரைக்கும் ஏழு பாட்டு திரும்பியிருக்கு. ரெண்டு சின்ன அப்பத்தாவுக்குத் தெரியவே தெரியாதாம். இன்னொண்ணு பாதியில நிக்குது. கடைசிப் பாட்டுல ஒரே ஒரு சொல் பாக்கி. ஏழு கேள்விக்குறி. சின்ன அப்பத்தா பாடுற சொல்லுக்கு நாலுதான். "அந்த எடத்துல எங்கக்கா ஒரு பேரைப் போட்டுப் பாடும்"னுச்சு. தாத்தா பேரை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வருது.

"அப்ப யார் பேரு அப்பத்தா?"ன்னு கேட்டா, வெத்தலையைக் குதப்பிக்கிட்டே சிரிக்குதே தவிர, சொல்ல மாட்டேங்குது. வர்ற சனிக்கிழமை மறுபடி போறேன்.