ஸ்டென்ட் வெச்சது நெஞ்சுல, வலிச்சது தொடையில

ரெண்டு மாசமா எழுதலை. தை மாசம் இதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்புன்னு ஸ்டென்ட் வெச்சாங்க. விஷயம் தெரிஞ்சு போன் பண்ணின எல்லாருக்கும் நன்றி. நெஞ்சு இப்ப நல்லா இருக்கு.

இன்னிக்கு எழுத வந்தது நெஞ்சைப் பத்தி இல்லை, காலைப் பத்தி. பார்க்க வந்தவங்க அத்தனை பேரும் "நெஞ்சு வலி எப்படிங்க இருக்குது?"ன்னுதான் கேட்டாங்க. ஆனா மூணு வாரம் என்னைத் தூங்க விடாம பண்ணினது வலது தொடை. இப்படி ஆகும்னு முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா பாதி பயம் இருந்திருக்காது. அதனால எழுதி வெக்கிறேன்.

ஸ்டென்ட் வெக்க நெஞ்சை அறுக்கறதில்லை. ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டு இதயம் வரைக்கும் கொண்டு போறாங்க. இப்பெல்லாம் பெரும்பாலும் மணிக்கட்டு வழியாத்தான் போறாங்க. எனக்கும் முதல்ல கையிலதான் பார்த்தாங்க. குழாய் சின்னதா, வளைஞ்சு இருக்குதுன்னு தொடை இடுக்குக்கு மாத்திட்டாங்க. அங்க ஓடுறது பெரிய தமனி. அதுல சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு வழி பண்ணி உள்ளே போறாங்க. வேலை நடக்கும்போது ரத்தம் உறையக் கூடாதுன்னு ஹெப்பாரின் ஊசி வேற போடுறாங்க. முடிஞ்சதும் குழாயை உருவிட்டு, அந்த இடத்தை ஒருத்தர் 20 நிமிஷம் கையாலயே அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அப்புறம் ஆறு மணி நேரம் காலை மடக்காம மல்லாந்து படுக்கணும். வாழ்க்கையில அவ்வளவு நீளமான ஆறு மணி நேரத்தை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் வேட்டியை மாத்தும்போது பார்த்துட்டு வீட்டுக்காரம்மா பதறிட்டாங்க. "ஏனுங்க, என்னங்க இது, தொடை கத்திரிக்கா நெறத்துல இருக்குது?" ஒரு சாண் அகலத்துக்குக் கன்னிப் போயிருந்துச்சு. அடுத்த ரெண்டு நாள்ல அது கீழே இறங்கி முழங்கால்கிட்ட வந்துருச்சு. ஊசி போட்டது மேலே, கருக்குறது கீழே. கால் அழுக ஆரம்பிச்சிருச்சோன்னுதான் எங்களுக்குத் தோணுச்சு.

ஆஸ்பத்திரிச் சீட்டுல இருந்த நம்பருக்குக் கூப்பிட்டோம். எடுத்த நர்ஸம்மா பொறுமையா ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. வீக்கம் பெருசாகுதா, தொட்டா உள்ளே துடிக்குதா, பாதம் சில்லுன்னு இருக்குதா, காய்ச்சல் இருக்குதான்னு. எல்லாத்துக்கும் இல்லைன்னு சொன்னதும், "பால்பாயின்ட் பேனாவால ஓரத்தைச் சுத்திக் கோடு போட்டு வெச்சுப் பாருங்க. நெறம் கீழே இறங்கறது சகஜம். கட்டியாகி வீங்கினா உடனே வாங்க"ன்னாங்க.

அப்புறம் யோசிச்சா நமக்குப் பழக்கமான விஷயம்தான். மண்ணுக்குள்ள போற மெயின் பைப்புல கசிவு இருந்தா, ஓட்டை இருக்கற இடத்துலயா ஈரம் தெரியுது? பள்ளம் பார்த்து இறங்கி நாலடி தள்ளித்தான் காட்டும். ஓட்டை அடைபடறதுக்கு முன்னாடி கசிஞ்ச ரத்தமும் அப்படித்தான் தோலுக்கடியில இறங்குது.

எங்க அம்மாவுக்கு மனசு கேட்கலை. "சாமி, மூசாம்பரத்தை முட்டை வெள்ளைக்கருவுல கொழைச்சுப் பத்துப் போட்டா ரெண்டே நாள்ல கரைஞ்சிரும்"னு கிண்ணத்தோட வந்துட்டாங்க. மாடு முட்டினதுக்கும் வரப்புல விழுந்ததுக்கும் அம்மா போட்ட பத்துதான் எனக்கு எப்பவும் மருந்து. ஆனா இது வெளியில பட்ட அடி இல்லை, தமனியில போட்ட ஓட்டை. அதை நீவக் கூடாது, சூடு ஒத்தடம் கூடாது, கேட்காம எதையும் பூசக் கூடாதுன்னு சீட்டுலயே போட்டிருந்துச்சு. எடுத்துச் சொன்னதும் அம்மா கிண்ணத்தைக் கொண்டு போயிட்டாங்க. ரெண்டு நாள் சரியாப் பேசலை.

இதைவிடப் பெரிய சங்கடம் மாத்திரையில வந்துச்சு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல்னு ரெண்டு மாத்திரை. ரெண்டும் ரத்தம் உறையாம இருக்கத்தான். எங்க மாமன் தொடையைப் பார்த்துட்டு, "மாப்ள, இந்த மாத்திரைதான் உன்னைய இப்படிப் பண்ணுது. கால் ஆறற வரைக்கும் நிறுத்திப் போடு"ன்னாரு. அவர் சொன்னதுல பாதி உண்மை. ரத்தக்கட்டு அவ்வளவு தூரம் பரவுனதுக்கு மாத்திரையும் ஒரு காரணம்தான். அன்னிக்கு ராத்திரி மாத்திரையைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் தொடையையே பார்த்துட்டிருந்தேன். முழுங்கிட்டுத்தான் படுத்தேன்.

மறுபரிசோதனைக்குப் போனப்ப டாக்டர்கிட்ட இதைச் சொன்னேன். "கால்ல இருக்கறது கண்ணுக்குத் தெரியுது, அதனால பயப்படுறீங்க. ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சா வெளியே தெரியாது, உயிரே போயிரலாம்"னாரு. முதல் ஒரு மாசம் அந்த ஆபத்து ரொம்ப அதிகமாம். எனக்கு ஒரு வருஷத்துக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. பல்லு புடுங்கறதா இருந்தாலும் அவங்களைக் கேட்காம நிறுத்தக் கூடாதாம்.

அதே மாதிரி கால் வலிக்குதுன்னு மெடிக்கல்ல குடுக்கற டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையை வாங்கிப் போட்டுறாதீங்க. இந்த மாத்திரைகளோட சேர்ந்தா ரத்தக்கசிவு கூடும், இதயத்துக்கும் நல்லதில்லை. எனக்குப் பாராசிட்டமால்தான் குடுத்தாங்க.

கிராமத்துல இருக்கறவங்களுக்குன்னு சில தொல்லை உண்டு. முதல் தொல்லை கக்கூஸ். குத்த வெச்சு உட்கார்ந்தா அந்த இடம் மடங்கி அழுந்தும், முக்கவும் கூடாது. நடுவுல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் சேர் ஒண்ணு வாங்கிட்டு வந்தான் பையன். இருமினாலும் தும்மினாலும் உள்ளங்கையால அந்த இடத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். ஒரு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. பால் கேனும் தீவன மூட்டையும் வீட்டுக்காரம்மா தலையில விழுந்துச்சு. வண்டி கிக்கர் உதைக்கறது, வாய்க்கால்ல இறங்கிக் குளிக்கறது, சேத்துக்குள்ள நிக்கறது எல்லாம் புண் ஆறற வரைக்கும் கிடையாது. மஞ்சள் வெட்டற நேரம் பார்த்து வரப்போரம் சேர் போட்டு உட்கார்ந்திருந்தேன். வேலையைப் பார்த்துட்டு சும்மா உட்கார்றது கால் வலியைவிடக் கஷ்டம்.

எட்டாம் நாள் தொடை இடுக்குல நெல்லிக்கா அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு. உடனே போயிட்டோம். டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க. சில பேருக்குத் தமனி ஓட்டை சரியா மூடாம, வெளியே பை மாதிரி ரத்தம் தேங்கித் துடிக்குமாம். அப்படி இருந்தா ஊசி போட்டோ அழுத்தியோ சரி பண்ணுவாங்களாம். எனக்கு அது இல்லை, வெறும் ரத்தக்கட்டுதான்.

எதுக்கு வீட்டுல உட்காராம ஓடணும்னு அவங்க சொன்னதை அப்படியே எழுதறேன். கட்டி பெருசாகிட்டே போனாலோ துடிச்சாலோ போகணும். கால் சில்லுன்னு ஆகி வெளுத்தாலோ மரத்தாலோ போகணும். கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ, காய்ச்சலோட அந்த இடத்துல சீழ் வெச்சாலோ போகணும். முதுகுலயோ இடுப்புலயோ புதுசா வலி வந்து தலை சுத்தி வேர்த்தா, உள்ளுக்குள்ள ரத்தம் கசியலாம், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. ரத்தம் வெளியே பீறிட்டு வந்தா உடனே மல்லாந்து படுத்து, இன்னொருத்தரைப் பலமா அழுத்திப் பிடிக்கச் சொல்லிட்டு 108க்குக் கூப்பிடணும். ஆட்டோ தேடக் கூடாது.

கத்திரிக்கா நெறம் பத்து நாள்ல பச்சையாச்சு, அப்புறம் மஞ்சளாச்சு. தேங்கின ரத்தத்தை உடம்பே உடைச்சு உறிஞ்சுக்கறதுதான் அந்த நெற மாத்தம். மூணாவது வாரம் பேனாக் கோடு போட்ட இடமே தெரியலை. தொடை முன்பக்கம் உள்ளங்கை அளவு இன்னும் லேசா மரமரப்பு இருக்கு. அது போகக் கொஞ்ச நாள் ஆகும்னு சொல்லியிருக்காங்க. காலையில ஓடைக்கரை வரைக்கும் நடக்கிறேன், குத்த வெச்சும் உட்கார முடியுது.

உங்க ஊர்ல யாராவது ஸ்டென்ட் வெச்சுட்டு வந்திருந்தா, போய்ப் பார்க்கும்போது காலைப் பத்தியும் ஒரு வார்த்தை கேளுங்க. வெக்கப்பட்டு அவங்களாச் சொல்ல மாட்டாங்க. ஆப்பிள் வாங்கிட்டுப் போறதுக்குப் பதிலா ரெண்டு நாள் பால் கறந்து குடுத்தா இன்னும் புண்ணியம்.

மஞ்சள் வேக வெச்சுக் காயப் போட்டாச்சு. விலை என்ன ஆச்சுங்கறதை அடுத்த பதிவுல எழுதறேன்.