மலாவித் தாய்மார்களின் கஞ்சி

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் மக்காச்சோளம்தான் உயிர். ஜனவரி, பிப்ரவரியில் பழைய தானியம் தீர்ந்துவிடும். புது அறுவடைக்கு ஏப்ரல் வர வேண்டும். ஏழைக் குடும்பங்கள் அரைவயிறாய்க் கிடக்கும் காலம் அது.

2002 பஞ்சத்தின்போது ஸ்காட்லாந்தின் 'மேரிஸ் மீல்ஸ்' தொண்டு நிறுவனம் அங்கே பள்ளிக்கூடங்களில் கஞ்சி கொடுக்கத் தொடங்கியது. வெளிநாட்டுப் பணம் மாவு வாங்குகிறது. சமைப்பது யார் தெரியுமா? கிராமத்துத் தாய்மார்களே! சம்பளம் கிடையாது. முறை வைத்துக்கொண்டு, இருட்டோடு எழுந்து, தண்ணீர் சுமந்து, விறகு மூட்டி, மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவைக் கட்டி தட்டாமல் துழாவுகிறார்கள். அங்கே போயிருந்தபோது நானும் துடுப்பை வாங்கித் துழாவினேன். பத்து நிமிஷத்தில் தோள்பட்டை விட்டுப்போச்சு!

குவளையோடு வரிசையில் நின்ற சிறுமி ஒருத்தி பாதிதான் குடித்தாள். மீதி தம்பிக்காம்.

பணம் அனுப்புகிறவர் மட்டுமா தர்மவான்? துழாவுகிற கைக்கும் அதில் பங்கு உண்டு, சகோதரிகளே!