வந்த கிளியும் இருந்த கிளியும்

தமிழர் வாழ்வில் கிளிக்குத் தனியிடம் உண்டு. தினைப்புனத்தில் கிளி ஓட்டிய மகளிரைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. மதுரை மீனாட்சியின் கையிலும் திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் கிளி அமர்ந்திருக்கிறது. எனினும், இன்று நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது குற்றமாகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுக்கிறது. நகர வீடுகளில் வளர்பவை ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜி என்னும் சிறுகிளிகள். நம் மக்கள் இவற்றை 'லவ் பேர்ட்ஸ்' என்றே அழைப்பர். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு பறவைகள்.

திருநெல்வேலியிலிருந்து பணி மாறுதலில் பெங்களூருக்கு வந்த குடும்பம் ஒன்று அல்சூரில் குடியிருந்தது. அவ்வீட்டின் ஏழாம் வகுப்புச் சிறுமி பச்சை நிறப் பட்ஜி ஒன்றை வளர்த்தாள். அதற்குப் பச்சையன் என்று பெயர். அவள் தோளில் அமர்ந்து, அவள் கையிலிருந்தே தினை தின்னும். புது ஊரில் அவளுக்கு முதலில் கிடைத்த தோழன் அதுவே. பட்ஜிகள் காட்டில் பெருங்கூட்டமாக வாழ்பவை. ஆகவே, சிறுமி பள்ளிக்குச் சென்றபின் பச்சையன் கண்ணாடித் துண்டின் முன் வாடி அமர்ந்திருந்தது. அதனைக் கண்ட தந்தை சிவாஜிநகரில் நீல நிறப் பட்ஜி ஒன்றை வாங்கி வந்தார். அது நீலன் ஆயிற்று.

சிறுமியின் தம்பிக்குப் பொறுமை இல்லை. அன்று மாலையே நீலனைப் பச்சையனின் கூண்டுக்குள் விட்டுவிட்டான். மறுகணம் இறகுகள் பறந்தன. பச்சையன் புதியவனின் கால்விரலைக் கவ்விக் கடித்தது. ஆச்சி துண்டை வீசி இரண்டையும் பிரித்தார். முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள பறவைக்குச் சில துளிக் குருதியும் பேரிழப்பே. சோளமாவை வைத்து அழுத்திக் குருதியை நிறுத்தி, நீலனை மருத்துவரிடம் கொண்டு சென்றனர்.

"பச்சையன் கெட்டவன்" என்று சிறுமி அழுதாள்.

"அவன் மேல் குற்றமில்லை, தாயி. அது அவன் வீடு. கேளாமல் ஒருவன் உள்ளே வந்தால் அவன் என்ன செய்வான்? நீ இந்தப் பள்ளிக்கு வந்த முதல் வாரம் யாரோடு பேசினாய்?" என்றார் ஆச்சி.

சிறுமி விடை கூறவில்லை.

மருத்துவர் சொன்னபடி நீலன் முப்பது நாள் வேறு அறையில் வைக்கப்பட்டது. பறவைகள் தம் நோயை வெளிக்காட்டா. புதிய பறவையின் நோய் பழைய பறவைக்கும், சில வேளைகளில் மனிதருக்கும் பரவக்கூடும். ஒரு பறவைக்கு இரையிட்டபின் கையைக் கழுவியே மற்றதனிடம் சென்றாள் சிறுமி. கதவுக்கு அப்பாலிருந்து ஒன்று கூவ, மற்றது மறுமொழி கூறிற்று. முகம் காணுமுன்னரே குரல்கள் அறிமுகமாயின.

பின்னர் இரு கூண்டுகளும் ஒரே கூடத்தில் சற்று இடைவெளிவிட்டு வைக்கப்பட்டன. முதலில் இரண்டும் எதிரெதிர் மூலைகளில் ஒதுங்கின. நாளடைவில் அருகருகே வந்து ஒரே வேளையில் இரை தின்றன. இணக்கத்தின் முதல் அடையாளம் அது. அடுத்து, சன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, இரண்டையும் மேசைமேல் பறக்கவிட்டனர். அவ்விடம் இருவருக்கும் பொது. ஆதலின் காக்க வேண்டிய எல்லை எதுவும் இல்லை. இறுதியாக, இருவருக்கும் புதிதான பெரிய கூண்டு ஒன்று வந்தது. அதில் இரைக்கிண்ணம் இரண்டு, நீர்க்கிண்ணம் இரண்டு, அமரும் கிளைகள் பல. எதுவும் ஒன்றாக இருப்பின் பூசல் எழும் என்பதை அவ்வீடு கற்றிருந்தது.

ஒருநாள் காலை நீலன் தலையைத் தாழ்த்திற்று. பச்சையன் அதன் கழுத்து இறகுகளை மெல்லக் கோதிவிட்டது. தம்பி கைதட்டினான். சிறுமி மகிழ்ந்தாள்; ஆனால், அவள் உள்ளத்தில் ஒரு சிறு வலியும் எழுந்தது. பச்சையன் இப்போது அவள் தோளுக்கு முன்போல் வருவதில்லை. அழைத்தால் திரும்பிப் பார்க்கும். பின் நீலனிடமே சென்றுவிடும்.

"என்னை மறந்துவிட்டானா, ஆச்சி?"

"நீ பள்ளிக்குப் போகும்போது அவனை மறந்தா போகிறாய்?"

மறுநாள் சிறுமி பள்ளிக்குப் புறப்பட்டபோது கண்ணாடித் துண்டைக் கழற்றி எடுத்து வைத்தாள். இனி அது தேவையில்லை.

சொற்பொருள்: குருதி – இரத்தம், பூசல் – சண்டை, இணக்கம் – ஒத்துப்போதல், கோதுதல் – அலகால் இறகைச் சீர்செய்தல்.

சிந்தித்து எழுதுக:
1. புதிய கூண்டு வாங்கியதன் காரணம் யாது?
2. சிறுமி கண்ணாடித் துண்டைக் கழற்றியது ஏன்?
3. உங்கள் வகுப்புக்குப் புதிதாக வரும் மாணவரிடம் நீங்கள் எவ்வாறு பழகுவீர்கள்?