வந்தவர் பட்டியலும் போனவர் இடமும்

ஐ.எஸ்.எல். பருவம் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான மாதங்களில் திருவனந்தபுரத்தில் கால்பந்து ஆடப்படுவதைவிடப் பேசப்படுவதே மிகுதி. காரியவட்டம் வளாகத்துத் தேநீர்க் கடையில், புதிதாக வந்த வீரர்களின் பெயர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வோர் அணிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் என்பதால் சென்னையின் எஃப்.சி.க்கு வக்காலத்து வாங்கும் பொறுப்பு என் தலையில் விழும். அந்த வழக்கில் நான் வென்றதே இல்லை, அது கிடக்கட்டும். இந்த மதிப்பெண் முறையின்மீதே எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு.

2024ஆம் ஆண்டைப் பார்ப்போம். அதற்கு முந்தைய பருவத்தில் 13 கோல் அடித்துத் தங்கக் காலணி வென்ற திமித்ரியோஸ் தியமந்தகோஸ், ஒப்பந்தம் முடிந்ததும் கேரளா பிளாஸ்டர்ஸை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றார். அவர் ஃப்ரீ ஏஜென்ட் என்பதால் பிளாஸ்டர்ஸுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பழைய கழகத்துக்கு எதுவும் கட்டாமல் செல்லலாம் என்னும் நிலை, பெல்ஜியத்தின் ழான் மார்க் போஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் வலுப்பெற்றது. அந்தத் தீர்ப்பின் நிழல் கொச்சி வரைக்கும் நீண்டு கிடக்கிறது. பதிலுக்கு பிளாஸ்டர்ஸ் கோவாவிலிருந்து நோவா சதாவியையும், ஸ்பெயின் நாட்டவரான ஹெசூஸ் ஹிமேனெஸையும் கொண்டுவந்தது. நண்பர்கள் தாராளமாகவே மதிப்பெண் அளித்தார்கள்.

அவர்களின் கணிப்பு பொய்க்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஹிமேனெஸ் 11 கோல் அடித்தார். தியமந்தகோஸோ புதிய அணியில் தம் பழைய கணக்கில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆயினும் பிளாஸ்டர்ஸ் 8ஆம் இடத்தில் முடிந்தது. பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரே டிசம்பரிலேயே நீக்கப்பட்டார். அடித்த கோல்களைவிட வாங்கிய கோல்களே அதிகம்.

ஒரு பெரிய காரணம், அதே கோடையில் விற்கப்பட்ட ஜீக்சன் சிங் என்பது என் கணிப்பு. 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் கோலை அடித்த அதே ஜீக்சன்தான். தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்று, எதிரணியின் தாக்குதல் உருவெடுக்கும் முன்பே அதைக் கலைப்பது அவர் வேலை. அந்த வேலைக்குக் கணக்கேடு கிடையாது. ஆகவே அவர் சென்றபோது ‘நல்ல விலை கிடைத்தது’ என்று மட்டும் பேசினோம். வந்தவர் பெயரை எண்ணினோமே அன்றி, போனவர் விட்டுச்சென்ற இடத்தை அளக்கவில்லை.

மொழியியல் படித்தவன் இதை வேறு வகையில் பார்க்க மாட்டான். ‘படி’ என்ற சொல்லை அகராதியில் தேடினால் பொருள்கள் வரிசையாக நிற்கும். ‘பாடம் படி’, ‘படியில் ஏறு’, ‘சொன்னபடி செய்’ என்று தொடரில் அமர்ந்த பிறகே எது என்று தெளிகிறது. கோல்களை மட்டும் தொகுத்த ஐந்து நிமிடக் காணொளி அகராதியைப் போன்றது. வீரரின் பொருள் தொடரில்தான் இருக்கிறது.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று மைக்கேல் சூசைராஜ். குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை என்னும் மீனவர் ஊர்க்காரர். சென்னை சிட்டி அணியிலிருந்து ஜாம்ஷெட்பூருக்கும், 2019இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்கும் சென்றார். ஏ.டி.கே. வாங்கியது ஒரு தாக்கும் நடுக்கள வீரரை. பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் ஆடவைத்ததோ இடப்பக்க விங்-பேக்காக. காகிதத்தில் மதிப்பெண் போட்டவர்கள் எவரும் அந்த இடத்தில் அவர் பெயரை எழுதியிருக்க மாட்டார்கள். அந்தப் பருவத்தில் ஏ.டி.கே. கோப்பையை வென்றது. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, 2020 நவம்பர் 20 அன்று, பிளாஸ்டர்ஸுக்கு எதிராகத் தொடக்க நிமிடங்களில் அவர் காயமுற்று வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் அவருக்கு அத்துடன் முடிந்தது. முழங்காலுக்கு முன்கூட்டியே மதிப்பெண் போட யாரால் முடியும்?

டிராஃப்ட் முறை இருந்த நாளிலும் கணிப்பு இதே கதிதான். அமெரிக்கக் கால்பந்தின் முதல் டிராஃப்ட் 1936இல் நடந்தது. அதில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. நம் ஐ.எஸ்.எல்.லில் 2017 ஜூலையில் மும்பையில் நடந்த டிராஃப்டில் மலப்புறத்து அனஸ் எடத்தொடிகாவை 1.10 கோடி ரூபாய்க்கு ஜாம்ஷெட்பூர் முதலில் எடுத்தது. விலை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். தம்மை எடுக்கும் அணியைத் தேர்ந்துகொள்ள வீரருக்கு உரிமை இல்லை. சந்தையில் நிறுத்தியது போன்ற அம்முறையை நான் விரும்பியதில்லை. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தப் பட்டியல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஏஜென்ட் இல்லாத பையனின் பெயரும் அதில் இருக்க வாய்ப்பிருந்தது. அதன் பிறகு ஐ.எஸ்.எல்.லில் டிராஃப்ட் நடக்கவில்லை. இப்போது யார் யாரிடம் பேசினார்கள் என்பதே கதை.

2025 கோடையில் மதிப்பெண் போடவும் வழியற்றுப் போயிற்று. கூட்டமைப்புக்கும் லீக் நடத்தும் நிறுவனத்துக்குமான ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது; புதுப்பிப்பு உறுதியாகாததால் ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதன்மை அணியினருக்கும் ஊழியருக்கும் சம்பளத்தை நிறுத்தியது. ஹிமேனெஸ் போலந்துக்குப் போய்விட்டார். வெளிநாட்டவருக்குப் போக இடம் உண்டு. இருபது வயதில் முதல் ஒப்பந்தத்துக்காகக் காத்திருந்தவனுக்கு அந்த ஆறு மாதம் எத்தனை நீளம் என்று தேநீர்க் கடையில் நாங்கள் பேசவே இல்லை.

அப்படிப்பட்டவர்கள் இங்கிருந்து தொலைவில் இல்லை. மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பொழியூர், சந்தோஷ் கோப்பைக்கு ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து அனுப்பிவரும் கடற்கரை ஊர். எல்லையைத் தாண்டினால் சூசைராஜின் கரை. 2024இல் சூப்பர் லீக் கேரளா தொடங்கியபோது திருவனந்தபுரத்துக்கும் கொம்பன்ஸ் என்று ஓர் அணி கிடைத்தது. பிரேசில்காரர்கள் பலரை வைத்து அரையிறுதி வரை சென்றது. அடுத்த முறை அதன் வீரர் பட்டியல் வெளியானதும் பிரேசில் பெயர்களுக்கு வழக்கம்போல் மதிப்பெண் போடுவோம், தவறில்லை. நான் பார்க்கப்போவது அவர்களுக்குக் கீழே உள்ள வரிகளை: பொழியூரிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு ஓராண்டுக்கு மேல் ஒப்பந்தம், களத்தில் எந்த இடம்.