முட்டியளவு உயரத்தில் ஒரு கேமரா

ஜவ்வாதுமலையில் ஜீப்பில் உட்கார்ந்தபடி சிறுத்தையைப் படம் எடுக்க முடியாது. கபினியிலும் ரந்தம்பூரிலும் இருப்பது போன்ற சஃபாரி இங்கே இல்லை. சாமை விளையும் மேட்டுக் காடுகளுக்கும் மலைக் கிராமங்களுக்கும் நடுவே சிறுத்தை இரவில் நடந்துவிட்டுப் போய்விடும். அதைப் படம் பிடிப்பது மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமரா. பொத்தானை அமுக்க ஆள் இல்லாததால் அந்தப் படத்தை எடுத்தவரும் யாருமில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பு தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜமுனாமரத்தூருக்கு அப்பால், உரிய அனுமதியோடு ஒரு வேட்டைத் தடுப்புக் காவலருடன் நடந்தேன். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். பாதி வழியில் நின்று, மணலில் கால் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். வட்டத்துக்குள் மண் பிறாண்டிய அடையாளம், அதை ஒட்டி மயிர் கலந்த காய்ந்த எச்சம்.

“பாதையிலதான் வரும் சார். முள்ளுல எதுக்குப் போவுது?”

ஓடைக்குள் பாதை இறங்கித் திரும்பும் இடத்தில் மரம் தேடினார். மெல்லிய மரம் ஆகாது, காற்றில் ஆடினால் கேமராவும் ஆடும். நேர்ப்பாதையும் ஆகாது, அங்கே சிறுத்தை வேகமாகக் கடந்துவிடும். திருப்பத்தில்தான் நடை தளரும், உடம்பின் பக்கவாட்டுப் புள்ளிகள் தெளிவாக விழும். பாதைக்கு இருபுறமும் பக்கத்துக்கொரு கேமரா வேண்டும், ஏனென்றால் சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிக் கோலமும் வலப்பக்கக் கோலமும் வேறுவேறு. இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் கொஞ்சம் தள்ளித்தான் கட்டுகிறார்கள்.

முட்டியளவு உயரத்தில் பெட்டியைப் பூட்டி முடித்ததும் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளை ஊன்றி, நாலு காலில் பாதையில் நடந்தார். தலையைத் தாழ்த்தி, தோளை ஏற்றி இறக்கி, சிறுத்தையின் நடையிலேயே. பெட்டியில் சிவப்பு விளக்கு தாமதமாக மின்னியது. “ரெண்டு விரக்கடை எறக்கணும் சார்” என்று வாரை அவிழ்த்துக் கட்டினார். திரும்பவும் நாலு கால். இந்த முறை தோள் தாண்டுவதற்குள் விளக்கு எரிந்தது.

பெட்டிக்குள் இருக்கும் உணரி, சுற்றுப்புறச் சூட்டுக்கும் உடற்சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் விழிக்கிறது. கோடையில் பாறையும் உடம்பும் ஒரே சூட்டில் இருந்தால், விலங்கு எதிரே நடந்தாலும் அது தவறவிடலாம். முன்னால் ஒரு புல் ஆடினாலோ கார்டு முழுக்கப் புல்தான். அதனால் அரிவாளை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் தரையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார்.

1920களில் வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் தடத்தில் கம்பி கட்டி, புலி தன் காலாலேயே தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். 1990களில் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் நாகரஹொளேயில் வரிகளைக் கொண்டு புலிகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு கணக்கிட்டார். 2018 தேசியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து 3.48 கோடிப் படங்கள் எடுத்தார்கள். அவற்றில் சிறுத்தை இருந்தவை 51,777. கேமரா வைத்த ஒவ்வோர் இடத்திலும் யாரோ ஒருவர் குனிந்து மரத்தில் வார் கட்டியிருக்கிறார்.

பின்னொரு நாள் எடுத்து வந்த கார்டை மடிக்கணினியில் போட்டதும் வரிசையாக இலை, ஆடு, மறுபடி இலை. விறகுச் சுமையோடு பெண்கள் வந்தபோது அவர் சட்டென்று, “நம்ம ஊர் பொம்பளைங்க சார், தள்ளுங்க” என்றார். எடிட்டிங்கில் நான் கற்றுக்கொண்ட முதல் விதி அதுதான்.

பிறகு சிறுத்தை வந்தது. அடுத்தடுத்து மூன்று படங்கள். முதலில் தலையும் தூக்கிய முன்னங்காலும். இரண்டாவதில் முழு உடம்பு, வெறும் பக்கவாட்டுத் தோற்றம். மூன்றாவதில் ஏதோ சத்தம் கேட்டு உடம்பை முறுக்கித் திரும்புகிறது, விலா எலும்புகளின் மேல் தோல் மடிந்திருக்கிறது, கண்கள் எரிகின்றன. பத்திரிகைக்காரர் கேட்பது மூன்றாவதை. கணக்கெடுப்பவருக்கு இரண்டாவது போதும், புள்ளிகள் மடிப்பில்லாமல் இருப்பது அதில்தான்.

புள்ளிகள் தெரியும் அளவுக்கு இருட்டை வெளிச்சமாக்கலாம், ஓரத்தை வெட்டலாம். குறுக்கே இருக்கும் குச்சியை அழிக்கக் கூடாது, வானத்தில் நிலவை ஒட்டக் கூடாது. 2009இல் லண்டனின் ‘ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞர்’ விருது பெற்ற ஓநாய்ப் படம், அந்த ஓநாய் பெரும்பாலும் பழக்கப்பட்ட விலங்காகவே இருக்கும் என்று நடுவர்கள் முடிவு செய்ததால் 2010இல் தகுதி இழந்தது. இங்கே எனக்குப் பெரிய கவலை படத்தின் அடியில் ஓடும் பட்டை. தேதி, நேரம், வெப்பநிலை எல்லாம் அதில் இருக்கும். அழகுக்காக முதலில் வெட்டப்படுவதும் அதுதான். 2024 ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள் சிறுத்தை வந்து, பள்ளி வளாகத்துக்குள் புகுந்து, கடைசியில் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டது. ஊரே பதறும் அப்படியொரு நேரத்தில், தேதியில்லாத ஒரு பழைய படம் வாட்ஸ்ஆப்பில் சுற்றினால் என்ன ஆகும்?

ஜமுனாமரத்தூர் இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மன்னனின் ஆட்சியாண்டு, இறந்த வீரனின் பெயர், அவனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயர், அத்தனையும் அதில் பொறித்திருக்கிறது. படம், தேதி, பெயர் மூன்றையும் ஒரே கல்லில் வைக்கத் தெரிந்த மண் இது. இன்று கேமராப் பெட்டிப் படங்களின் கீழே பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறது. நாலு காலில் நடந்தவரின் பெயர் இருப்பதில்லை.

“அண்ணே, உங்க பேரைப் போட்டு எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

“பேப்பர்ல வேணாம் சார். என்னை வச்சி ஓடை எதுன்னு கண்டுபிடிச்சிடுவானுங்க. ஆபீஸ் பதிவுல வேணா எழுதச் சொல்லுங்க” என்றவர், கார்டை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்: “எங்க மாமா பேரையும் சேக்கணும். அந்த மரத்தை மொதல்ல காட்டினது அவருதான்.”