இருபத்தஞ்சு மைல், மூணு ராத்திரி

"டல்லாஸா? அங்க வெயில் மண்டையைப் பொளக்குமே, உனக்கென்னப்பா கவலை!"

ஊருக்கு போன் போட்டால் சித்தியிலிருந்து எதிர்வீட்டு மாமா வரைக்கும் எல்லாரும் சொல்றது இதுதான். டெக்ஸாஸ் என்றால் வெயில், கள்ளிச்செடி, குதிரை மேல தொப்பி போட்ட ஆள். அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. வருஷத்துல பத்து மாசம் ஏறக்குறைய அப்படித்தான். மிச்ச ரெண்டு மாசத்துல ஏதாவது ஒரு மூணு நாள், ஊரே கண்ணாடி மேல உக்காந்துடும். அப்படி ஒரு மூணு நாள்ல எனக்குப் பறிபோன ஒரு சாயங்காலத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். (மினசோட்டா, டொராண்டோ பக்கத்து மக்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடலாம். "இத்துனூண்டு பனிக்கே லீவா"ன்னு சிரிப்பீங்க, தெரியும்.) ஸ்னோ வேற, ஐஸ் வேற. ஸ்னோவுல டயருக்குக் கொஞ்சமாவது பிடி கிடைக்கும். இங்க வர்றது பல தடவை அது இல்லை. மேலே ஆகாசத்துல வெதுவெதுப்பான காத்து ஒரு அடுக்கா நிக்கும். அதுக்குள்ள விழுற பனி உருகி மழையாயிடும். கீழே தரையை ஒட்டி, கனடா பக்கமிருந்து இறங்கி வந்த உறைகுளிர் காத்து. துளி வழியிலேயே உறைஞ்சா அது ஸ்லீட், ஜவ்வரிசியைக் கொட்டின மாதிரி சடசடன்னு விழும். வழியில உறைய நேரம் கிடைக்கலைன்னா, விழுந்த இடத்துல உறையும். அது ஃப்ரீஸிங் ரெய்ன். ரோடு சும்மா நனைஞ்சிருக்கிற மாதிரிதான் தெரியும். பிளாக் ஐஸ்னு பேரு, ஆனா கறுப்பெல்லாம் கிடையாது. கண்ணாடி மாதிரி இருக்கிறதால கீழே இருக்கிற ரோட்டு நிறம் தெரியுது, அவ்வளவுதான்.

இதுல பாலங்கள்தான் முதல் எதிரி. சாதாரண ரோட்டுக்கு அடியில மண்ணோட சூடு கொஞ்சம் இருக்கும். பாலத்துக்கு மேலயும் குளிர்காத்து, கீழயும் குளிர்காத்து. நம்ம ஊரோ பாலமா கட்டித் தள்ளின ஊர். 'ஹை ஃபைவ்'னு 2005ல முடிச்ச அஞ்சு அடுக்குச் சந்திப்பு இருக்கு. 12 மாடி உயரம். ஊர்லேர்ந்து வர்றவங்களை அது மேல கூட்டிட்டுப் போய் பந்தா காட்டுவேன். ஐஸ் விழுந்தா அது மேல போக எனக்கு தில் கிடையாது சாமி.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

2023 ஜனவரி கடைசி. என் ஹாஸ்டல் ரூம்மேட் சிட்னியிலிருந்து ஆபீஸ் வேலையா டல்லாஸ் வர்றான். திங்கள், செவ்வாய் வேலை, புதன் காலையில வேற ஊருக்கு ஃப்ளைட். செவ்வாய் சாயங்காலம் மட்டும் ஃப்ரீ. ஹாஸ்டல்ல அவனுக்கு 'சித்தப்பு'ன்னு பேரு, இருபது வயசுலயே ஐம்பது வயசு ஆள் மாதிரி பேசுவான். கடைசியா நேர்ல பார்த்தது 2002ல, அவன் கல்யாணத்துல.

அவன் எனக்கு யாருன்னு ஒரே ஒரு சம்பவம் சொல்றேன். 1998, ஃபைனல் இயர், திருச்சி. ராத்திரி ஒன்பது மணிக்கு வார்டன் ரூமுக்கு போன், அப்பா போயிட்டார்னு. எனக்குக் கை கால் ஓடலை. சித்தப்பு ஒண்ணும் கேக்கலை. என் பையில ரெண்டு சட்டையைத் திணிச்சான், மெஸ் பில்லுக்கு வச்சிருந்த காசை எடுத்துக்கிட்டான், கூடவே பஸ் ஏறினான். மதுரையில ஒரு பஸ், ராஜபாளையத்துல ஒரு பஸ் மாறி, விடிகாலையில சங்கரன்கோவில்ல இறங்கினோம். மறுநாள் அவனுக்கு மாடல் எக்ஸாம். அது எனக்கே ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும்.

இப்போ அவன் அர்விங்ல ஒரு ஹோட்டல்ல, நான் பிளேனோவுல. நடுவுல இருபத்தஞ்சு மைல்.

ரெண்டு வாரம் முன்னாடியே ரெஸ்டாரண்ட் பேசி முடிவாச்சு. தங்கமணி அவனுக்குன்னு பருப்புப்பொடி அரைச்சு பாட்டில்ல போட்டு வச்சாங்க. திங்கட்கிழமையே ஜவ்வரிசி கொட்ட ஆரம்பிச்சுடுச்சு. செவ்வாய் காலையில பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம் நான் கல்லுப்பு பாக்கெட்டை எடுத்துட்டுப் போய் டிரைவ்வேயில தூவினேன். உப்பு சேர்ந்தா தண்ணி உறையுற வெப்பநிலை இறங்கும், அதனால ஐஸ் இளகும். இளகுச்சு, சரியா என் கார் நீளத்துக்கு. அதுக்கு அப்புறம் தெரு, தெருவுக்கு அப்புறம் இருபத்தஞ்சு மைல். எத்தனை பாக்கெட் உப்பு வாங்குறது?

பக்கத்து வீட்டுக்காரர் கராஜ் வாசல்ல நின்னு தைரியம் சொன்னார், "உன் வண்டி ஆல் வீல் டிரைவ்தானே, மெதுவா போ." ஆல் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. ஐஸ் மேல வண்டி நிக்க உலர்ந்த ரோட்டை விட பத்து மடங்கு தூரம் வரை ஆகும்னு சொல்றாங்க. அதுவும் நாங்க போட்டிருக்கிறது வருஷம் முழுக்க ஓட்டுற டயர், குளிர்கால டயர் இல்லை.

தங்கமணி ஒண்ணும் பெருசா பேசலை. "2021 ஞாபகம் இருக்குல்ல?"ன்னு மட்டும் கேட்டாங்க. இருக்கு. 2021 பிப்ரவரி 11, விடிகாலையில ஃபோர்ட் வொர்த்ல ஹைவே 35ல, 130க்கும் மேல வண்டிங்க ஒண்ணு மேல ஒண்ணா மோதிச்சு. ஆறு பேர் போயிட்டாங்க. அந்த இடமும் தூண் மேல போற ரோடுதான். மோதினவங்கள்ல ஆஸ்பத்திரி டூட்டி முடிச்சு வந்தவங்களும், டூட்டிக்குப் போனவங்களும் இருந்தாங்க. போயே ஆகணும்னு போனவங்க. நான் போறது தோசை சாப்பிட.

தோசை மட்டும் இல்லைன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா ஐஸுக்குத் தெரியாதே.

அஞ்சரைக்கு போன் பண்ணினேன். "மாப்ள..."ன்னு இழுத்ததுமே அவன் சிரிச்சான். "டேய், ஜன்னல் வழியா பார்த்துட்டுதான் இருக்கேன். பார்க்கிங்ல ஒருத்தன் அஞ்சு நிமிஷமா ஒரே இடத்துல சக்கரத்தைச் சுத்திட்டு இருக்கான். நீ வராத." சிட்னியில நல்ல வெயில் காலம், அங்கிருந்து ஒரு மெல்லிசு ஜாக்கெட்டோட வந்திருந்தான். ஹோட்டல் கிச்சனுக்கும் ஆள் வரலையாம். வெண்டிங் மெஷின் சிப்ஸ்தான் ராத்திரி சாப்பாடு. வீடியோவுல நான் ரசம் சாதம் சாப்பிட, அவன் சிப்ஸ் கொறிக்க, எனக்குத் தொண்டையில இறங்கலை.

கூத்து இனிமேதான். புதன்கிழமை அவன் ஃப்ளைட் ரத்து. அப்போ புதன் சாயங்காலம் பார்க்கலாம்! ம்ஹூம். திரும்பவும் உறைமழை, எச்சரிக்கையை வியாழன் காலை வரை நீட்டிட்டாங்க. இருபத்தோரு வருஷம் கடல் தாண்டி இருந்தவன், மூணு ராத்திரி ஒரே ஊர்ல இருக்கான், பார்க்க முடியலை. வியாழன் காலையில ஒரு சீட் கிடைச்சு, ஹோட்டல் வேன்ல ஏர்போர்ட் போயிட்டான். ஏர்போர்ட் அவனுக்குப் பக்கம், எனக்குத்தான் தூரம். மத்தியானம் வெயில் வந்தது. கூரையிலிருந்து தண்ணி சொட்டச் சொட்ட, தெருவுல ஐஸ் இருந்த அடையாளமே இல்லாம ஈரமா ஓடிச்சு. அப்போ அவன் செக்யூரிட்டி தாண்டி உள்ளே உக்காந்திருந்தான்.

இதுல எனக்கு அடிக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு மக்களே. போய் ஏதாவது ஆகியிருந்தா, "அந்த ஐஸ்ல ஏன் போனான்"னு ஊரே சொல்லும். போகாம இருந்தா, எதுல இருந்து தப்பிச்சோம்னு யாருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒருவேளை அன்னிக்கு ராத்திரி மெதுவா உருட்டிக்கிட்டே போய் பத்திரமா சேர்ந்திருக்கலாம். அந்த 'ஒருவேளை' மட்டும் போக மாட்டேங்குது. சாலைத் துறைக்காரங்க கணக்குப்படி அமெரிக்காவுல வருஷத்துக்கு 1,300 பேருக்கு மேல பனி, ஐஸ் ரோட்டுல சாகுறாங்க. போகாம வீட்டுல இருந்து பிழைச்சவங்க கணக்கு எந்தத் துறைகிட்டயும் இல்லை.

ஏர்போர்ட்லேர்ந்து கூப்பிட்டப்போ அந்த 1998 பஸ் விஷயத்தை இழுத்தேன். "அன்னிக்கு நீ வந்தே, இன்னிக்கு நான்..."

"லூசாடா நீ? அன்னிக்கு பஸ்ஸு ஓடிச்சு, வந்தேன். ஓடலைன்னா ஹாஸ்டல்ல உன் பக்கத்துல உக்காந்திருப்பேன். இப்போ மட்டும் என்ன, மூணு நாளா போன்ல கூடத்தானே இருந்தே." அதே ஐம்பது வயசுக் குரல். இப்போ வயசும் கிட்டத்தட்ட அதுக்கு வந்துடுச்சு.

பருப்புப்பொடி பாட்டிலை நாங்களே காலி பண்ணிட்டோம். அடுத்த தடவை ஜூலையில வாடான்னு கண்டிஷனா சொல்லியிருக்கேன். நாப்பது டிகிரி வெயில்ல வெந்து போவான், சரிதான். ஆனா ரோடு திறந்திருக்கும். நான் ஏர்போர்ட் வாசல்லயே நிப்பேன்.