கத்தியில் இல்லாத பெயர்

ஷெஃபீல்டில் இருக்கும் நண்பர் பழைய சவரக் கத்திகளைச் சேர்ப்பவர். ஏலத்தில் எடுத்த ஒரு கத்தியை யார் செய்தது என்று பார்க்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று அழைத்தார்.

அலகு கைப்பிடியோடு சேரும் தண்டில்தான் முத்திரை இருக்கும். எண்ணெய் தொட்டுத் துருவைத் துடைத்தார். 'வேட் அண்ட் புட்சர், ஷெஃபீல்டு' என்ற எழுத்துகள் மெல்லத் தெரிந்தன. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருந்திருந்தால் ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனம் என்று அப்போதே சொல்லிவிடலாமாம். அது 1764இல் அவர்களுக்குக் கிடைத்த முத்திரை. 1624இல் சட்டத்தால் அமைந்த கத்திக் கொல்லர் சங்கம் முத்திரைகளைப் பதிவுசெய்து காத்து வந்ததால்தான் இன்றைக்கும் இப்படித் தேடிப் பிடிக்க முடிகிறது.

முத்திரையில் எது இல்லை என்பதும் காலத்தைச் சொல்லும். வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று 1890இல் அமெரிக்கா சட்டம் போட்டது. புட்சர் கத்திகளுக்கு அமெரிக்காதான் பெரிய சந்தை. இந்தக் கத்தியில் 'இங்கிலாந்து' என்ற சொல் இல்லை. ஆகவே அதற்கு முந்தையதாக இருக்கலாம் என்றார் நண்பர்.

பிறகு, வேலையை விட்டுவிட்ட முதிய சாணைக்காரர் ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் பெயரைப் பார்க்கவே இல்லை. அலகை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து அதன் குழிவைப் பார்த்தார். சிறிய கல்லில் தீட்டினால் குழிவு ஆழமாக விழும். பெரிய கல்லில் அவ்வளவு ஆழமாக விழாது. "இது பெரிய கல்" என்றார். அவருடைய அப்பாவும் சாணைக்காரர். கல்லுக்குப் பின்னால் மரச் சட்டத்தின் மேல் கால் பரப்பி உட்கார்ந்தே ஆயுள் முழுக்க வேலை செய்தவர். இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். மணற்கல் தூள் சாணைக்காரர்களின் நுரையீரலை அரிப்பதைப் பற்றி கால்வர்ட் ஹாலண்ட் என்ற மருத்துவர் 1843லேயே புத்தகம் எழுதிவிட்டார். சவரக் கத்தியின் வேலையில் ஒரு பகுதி தண்ணீர் இல்லாமல், தூள் பறக்க, உலர்ந்த கல்லில் நடந்தது.

முத்திரையில் இருக்கும் பெயர்களை நினைத்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. வில்லியம், சாமுவேல் புட்சர் இருவரும் முதலாளிகள். வேட் நியூயார்க்கில் விற்பனையைக் கவனித்தவர். அடித்தவர் ஒருவர், தீட்டியவர் ஒருவர், பிடி போட்டவர் ஒருவர். இந்த மூவரும் முத்திரையில் இல்லை. ஷெஃபீல்டின் கத்தித் தொழிலில் பலர் பட்டறையில் ஓர் இடத்தையும் சக்கரம் சுற்றும் விசையையும் வாடகைக்கு எடுத்து, டஜன் கணக்கில் கூலி வாங்கியவர்கள். விலையை அடித்து வாங்கிய தரகன் தன் பெயரைப் போட்டு விற்றான். அந்தப் பெயரைத்தான் ஏலக்காரர்கள் இன்று 'செய்தவர்' என்று பட்டியலில் எழுதுகிறார்கள். வாங்கி விற்றவனைச் செய்தவன் என்று எழுதுவது பொய். 'முத்திரை உரிமையாளர்' என்று எழுதட்டும். அதற்குக் கீழே 'சாணை பிடித்தவர் பெயர் பதியப்படவில்லை' என்றும் எழுதட்டும்.

அடிப்பது, அலகைக் கடினமாக்கத் தோய்ச்சல் போடுவது பற்றியெல்லாம் பெரியவர் நிறையச் சொன்னார். நான் கேட்டது ஒன்றுதான்: நீங்கள் எப்போதாவது உங்கள் பெயரைக் கத்தியில் போட்டதுண்டா?

"எப்படிப் போடுவது? இரும்பு மென்மையாக இருக்கும்போதே, தோய்ச்சலுக்கு முன்னால், முத்திரையை அடித்துவிடுவார்கள். எங்கள் கைக்கு வரும்போதே அவர்கள் பெயர் இருக்கும். அப்போது அதை வைத்து ஒரு முடியைக்கூட வெட்ட முடியாது. வெட்ட வைப்பதுதான் எங்கள் வேலை."